லயத்து வாசலில் ஒரு தொலைகாட்டி

தொலைகாட்டி என்றவுடன் பெரிய கட்டடமும் பெரிய படிப்பும் வேண்டும் என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் ஜப்பான் அரசு அன்பளிப்புச் செய்த ஒன்று இருக்கிறது. அதன் ஆடி மட்டும் 45 சென்ரிமீற்றர் அகலம். நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. முழங்கை நீளமும் ஒன்றரைக் கிலோ அளவு பாரமும் உள்ள, ஒரு பெண் ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்னத் தொலைகாட்டியைப் பற்றி.

எமது தோட்டம் பசறைப் பக்கம். டுபாயில் வீட்டு வேலை செய்த என் தங்கை, உடுப்புப் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்து இதைக் கொண்டுவந்தாள். முன் வில்லை 70 மில்லிமீற்றர். இருட்டில் எமது கண்மணி 7 மில்லிமீற்றர் வரைதான் விரியும். ஆகவே வெறுங்கண்ணைவிட ஏறக்குறைய நூறு மடங்கு ஒளியை இது சேர்த்துத் தருகிறது. இரண்டு கண்வில்லைகள் உண்டு: ஒன்று 20 மடங்கு பெருப்பிக்கும், மற்றது 40 மடங்கு. 1610இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்ட கலிலியோவிடம் இருந்ததும் 20 மடங்குக் குழாய்தான்.

விடியற்காலை எழுந்து சமைத்து, மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்து, பின்னேரம் விறகோடு திரும்பும் பெண்ணுக்கு இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் தனக்கென்று கொஞ்ச நேரம். பாரமான கருவியென்றால் அதைத் தூக்கிவந்து பூட்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும். இதை இரண்டு நிமிடத்தில் வாசலில் நிறுத்தலாம். அடுப்பில் சோறு கொதிக்கும் நேரத்தில் வியாழனைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம். யாரிடமும் அனுமதி கேட்கவோ பஸ் ஏறவோ வேண்டியதில்லை.

போயா அன்று லீவு என்பதால் பிள்ளைகள் அன்றைக்கே நிலவு பார்க்கக் கேட்பார்கள். ஆனால் முழுநிலவில் வெளிச்சம் நேராக விழுவதால் பள்ளங்கள் தெரியாது. வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஓரத்தைப் பார்க்க வேண்டும். மலைகளின் நிழல்கூடத் தெரியும். வெள்ளி எமக்குச் சீக்கிரம் மறைந்துவிடும். மேற்கே 2,036 மீற்றர் உயரத்தில் நமுனுகுல மலை நிற்கிறதே!

வானத்தைப் பார்ப்பது எல்லோருக்கும் இன்பமாக இருந்ததில்லை. 1977 கலவரத்தின்பின் எமது தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போயின. என் சின்னம்மா குடும்பமும் கிளிநொச்சிக்குப் போனது. அவரின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், 2009இல் கணவரை இழந்து பிள்ளைகளோடு தோட்டத்துக்குத் திரும்பினார். இரவில் அண்ணாந்து பார்க்கவே மாட்டார். அவருக்கு வானம் என்றால் கிபிர் விமானமும் பரா வெளிச்சமும்தான். நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஒரு சித்திரை மாதம், பின்னேர இடிமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. வடக்கே சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரையும் அருந்ததியையும் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பெயரைக் கேட்டு அக்கா இஸ்தோப்பிலிருந்து எழுந்து வந்தார்.

“கல்யாணத்தன்னிக்கு ஐயர் காட்டினாரு. பகல் பத்து மணி. பந்தல் தகரந்தான் தெரிஞ்சிச்சு. பாத்தேன்னு சொல்லிட்டேன்” என்றார்.

கைம்பெண்கள் மங்கலக் காரியங்களில் முன்னே வரக்கூடாது என்று எமது லயங்களில் இன்னும் சொல்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. தொலைகாட்டிக்கு முன்னால் பிள்ளைகளின் வரிசை ஒன்றுதான் இருந்தது. அதில் அவரும் நின்றார்.

கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. “ரெண்டு பேருன்னுதானே சொன்னாங்க, மூணு நிக்குதேடி?”

அவர் சொன்னது சரி. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் வசிட்டர், 40 மடங்கில் இரண்டு நட்சத்திரமாகப் பிரிகிறார். சற்றுத் தள்ளி அருந்ததி. அந்த ஒளி எம்மிடம் வர ஏறத்தாழ 80 ஆண்டுகள் எடுக்கிறது. எமது மக்களின் குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்டதற்குச் சற்று முன்னர் புறப்பட்ட ஒளியைத்தான் இப்போது பார்க்கிறோம். அருந்ததிக்கும் ஒரு சிறிய துணை நட்சத்திரம் இருப்பதை வானியலாளர்கள் 2009இல் அறிந்தார்கள். அதை அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்போது தெற்கு வானம் அக்காவின் பக்கம். வைகாசி இரவுகளில் தெற்குச் சிலுவைக்குக் கிழக்கே சற்று மேலே, பஞ்சு உருண்டைபோல ஒமேகா சென்ரோரி தெரியும். பல இலட்சம் நட்சத்திரங்களின் கூட்டம் அது. நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே மட்டும் இருப்பதால் இது வாய்க்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

வீட்டு வேலைக்கு நடுவில் வானம் பார்த்த பெண்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அண்ணனுக்கு வீடு நடத்திக்கொண்டிருந்த கரோலின் ஹேர்ஷல், அவர் செய்துகொடுத்த சிறிய தொலைகாட்டியால் 1786இல் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். 1797க்குள் எட்டு. அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண் சம்பளம் கொடுத்தார்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. 300 மடங்கு, 500 மடங்கு என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் நம்ப வேண்டாம். முன் வில்லையின் அகலத்தைக் கேளுங்கள். இதன் முக்காலி இலேசானது. ஆனியிலிருந்து ஆவணிவரை ஊவாவில் வீசும் காற்றுக்கு ஆடும். நாங்கள் ஒரு பையில் கல் போட்டு முக்காலியின் நடுவில் தொங்கவிடுகிறோம். வில்லையில் பனி படிந்தால் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். சூரியனை மட்டும் ஒருபோதும் இதனால் பார்க்கக்கூடாது. ஒரு கணத்தில் கண் போய்விடும். அதனால் பகலில் தொலைகாட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் அக்காவின் றங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். சாவி அவரிடம்.