எறும்பு ஊரத் தேயும் சில்லு

இந்த வாரம் டிஸ்பிளே என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு லட்சம் என்ற எண் வந்து வழியை மறித்துவிட்டது.

காயில் சுற்றும் மிஷினின் தண்டில் காந்தம், பக்கத்தில் ஹால் சென்சார், சுற்றுக்கு ஒரு துடிப்பு, எண்ணுவதற்கு ஆர்டுயினோ ஊனோ. போன வாரக் கதை இவ்வளவுதான்.

அதைத் தூக்கிக்கொண்டு சத்தியமங்கலத்தில் ஒரு வைண்டிங் கடைக்குப் போனேன். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நின்றால் கிணற்று மோட்டாருக்கு ஓய்வில்லை. எரிந்ததெல்லாம் இங்கேதான் வந்து சேரும். (1937-ல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். மோட்டார் பிறந்த சீமையில் வைண்டிங் கடைக்குப் பஞ்சமிருக்குமா?)

கடைக்கார அண்ணன் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங் தம்பி, எண்பதாவது சுத்துல கரண்டு போச்சுன்னா, மறுக்காவும் ஒண்ணுல இருந்து எண்ணோணுமா?”

எண்ணிக்கை ராமில் இருந்தது. கரண்டு போனால் அதுவும் போச்சு. அங்கேயே ஒரு வரி சேர்த்தேன்: சுற்றுக்குச் சுற்று, கரண்டு போனாலும் மறக்காத ஈப்ராமில் எழுது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினோம்; எண்பது எண்பதாகவே நின்றது. டீ வந்தது.

ராத்திரி டேட்டாஷீட்டைப் புரட்டியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. என் ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லின் ஈப்ராமில், ஓரிடத்தில் ஒரு லட்சம் முறைதான் எழுத உத்தரவாதம். நிமிஷத்துக்கு 60 சுற்று என்றால் 28 மணி நேரத்தில் தீர்ந்துவிடும்!

படிக்கப் படிக்கத் தேய்மானம் இல்லை, எழுதினால்தான். ஈப்ராமில் ஒவ்வொரு பிட்டும் மெல்லிய ஆக்சைடு சுவருக்குள் அடைத்துவைத்த எலக்ட்ரான் கூட்டம். எழுதும்போதும் அழிக்கும்போதும் அவை சுவரை ஊடுருவிப் போய்வர வேண்டும். ஒவ்வொரு நடையிலும் சில சுவரிலேயே சிக்கிக்கொள்ளும். போகப்போகப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் மங்கிவிடும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பு, எலக்ட்ரான்; கல், மணலில் பிறந்த சிலிக்கான். இரண்டு நாளாக இதையே எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் முகம் கொடுப்பதில்லை.

வழி உண்டு. ஈப்ராம் 1,024 பைட். எண்ணுக்கு இரண்டு பைட் என்றால் 512 இடம். கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு ஒரு போகம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, இடத்தை மாற்றி மாற்றி எழுதினால் ஆயுள் 5 கோடியே 12 லட்சம் சுற்று. கரண்டு வந்ததும், வரிசை எங்கே அறுகிறதோ அதுதான் கடைசி எண். புதுக் காயிலுக்காக நடுவில் பூஜ்யமாக்கினால் வரிசை குழம்பும். மொத்தச் சுற்றையே எழுதிப்போய் (இரண்டு பைட் நிரம்பித் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்புவதை அறுந்ததாக எண்ணாமல்), காயில் தொடங்கிய எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொடக்க எண்ணுக்குக் கடைசியில் ஓரிடம் ஒதுக்கினேன்; ஆயுளில் ஒரு லட்சம் குறைந்ததுதான் செலவு.

விடிந்ததும் ஓடிப்போய் மாற்றினேன். “நல்லாத்தானுங்களே ஓடுது, எதுக்குங் தம்பி நோண்டறீங்க?” என்றார் அண்ணன்.

ஆசிரியர் மூன்றாம் முறையாக போன் செய்கிறார். ஏழு கோட்டில் பத்து எண்ணும் எரியும் வித்தை அடுத்த வாரம். எட்டுக்கு ஏழும் எரியும். இதை மட்டும் முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள்.