மார்கழிக் கோலமும் பள்ளிக் கணிதக் கற்பித்தலும்

முன்னுரை

பண்டிகைக் காலங்களில் கணித வகுப்பைச் சுவையாக்க மேற்கொள்ளப்படும் முயற்சிகள் பல, வழக்கமான கணக்கிற்குப் புத்தாடை உடுத்துவதோடு நின்றுவிடுகின்றன. மூன்று கட்டுக் கரும்பில் கட்டுக்குப் பத்து வீதம் மொத்தம் எத்தனை என்னும் வினாவில் கரும்பை நீக்கிப் பென்சிலை வைத்தாலும் கணக்கு மாறுவதில்லை. பொங்கல் அங்குப் பெயரளவில் மட்டுமே இடம்பெறுகிறது. புள்ளிக் கோலம் இதனின்றும் வேறுபட்டது. புள்ளி ஒன்று பிசகினால் கோலம் முடிவதில்லை. மார்கழி முதல் தைப்பொங்கல் வரை வாசலில் இடப்படும் இக்கோலங்களைக் கணித வகுப்பில் பயன்கொள்ளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கோலத்தின் கணிதத் தன்மை ஆய்வுலகிற்குப் புதிதன்று. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வு, கோலங்களை வடிவ இலக்கண விதிகளின்வழி விளக்கியது. கணினி அறிவியல் ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பள்ளி இன்னும் ஓவியப் போட்டிக்கு உரியதாகவே கருதுவது வியப்பிற்குரியது.

புள்ளிகளின் எண்ணிக்கை

'நேர்ப்புள்ளி 7, 1 வரை' என்னும் வீட்டு வழக்கில் ஓர் எண் தொடர் அடங்கியுள்ளது. நடுவரிசையில் 7 புள்ளிகள். இருபுறமும் 5, 3, 1 எனக் குறையும். மொத்தம் 25. இது 5இன் வர்க்கம் என்பதை மாணவர் விரைவில் கண்டுகொள்வர். இத்தகைய கோலங்கள் அனைத்தும் வர்க்க எண்ணையே தரும் என்றும் முடிவு கட்டக்கூடும். அம்முடிவை ஆசிரியர் உடனே மறுத்தல் கூடாது. 5 புள்ளிக் கோலத்தை இடச் செய்தால் 13 என்னும் விடையே அதனை மறுத்துவிடும். ஓர் எடுத்துக்காட்டினின்று பொதுவிதிக்குத் தாவுவதன் இடரை இதனினும் எளிதாக உணர்த்துவது அரிது.

பின்னர், ஒவ்வொரு வரிசையையும் சிவப்பில் தொடங்கிச் சிவப்பு, நீலம் என மாறி மாறி இடச் செய்யலாம். 7 புள்ளிக் கோலத்தில் சிவப்பு 16, நீலம் 9. 5 புள்ளிக் கோலத்தில் சிவப்பு 9, நீலம் 4. தாளைச் சற்றே சாய்த்துப் பார்த்தால் ஒன்றனுள் ஒன்று புகுந்த இரு சதுரங்கள் தோன்றும். அடுத்தடுத்த இரு எண்களின் வர்க்கங்களது கூடுதலே புள்ளிகளின் எண்ணிக்கை என்பது கண்ணுக்கே புலப்படும். 9 புள்ளிக் கோலத்திற்கு 25, 16 ஆகியவற்றின் கூடுதலாகிய 41 வரும் என்பதை மாணவர் இடாமலேயே கூறிவிடுவர். ஊடுபுள்ளியில் தொடர் வேறு: 7 முதல் 4 வரை இட்டால் 37.

கோடுகளின் எண்ணிக்கை

ஆறாம் வகுப்பிற்குச் சிக்குக் கோலம் பொருந்தும். செவ்வகமாகப் புள்ளிகளை வைத்து, அடுத்தடுத்த இரு புள்ளிகளின் இடைவெளி ஒவ்வொன்றிலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுமாறும், ஓரத்தில் வளைந்து திரும்புமாறும் வரைய வேண்டும். கை எடுக்காமல் கோலம் முடிகிறதா என்பதே வினா. 2க்கு 3 எனில் ஒரே கோட்டில் முடியும். 3க்கு 3 எனில் மூன்று கோடுகள் வேண்டும். 4க்கு 6 எனில் இரண்டு. வரிசை, நிரை ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணியே கோடுகளின் எண்ணிக்கை. வகுத்தலில் மட்டும் கண்ட கருத்து இங்கே விரல்நுனியில் வந்து நிற்கிறது. விதியை முன்கூட்டியே கூறிவிட்டால் இச்செயல்பாட்டில் எஞ்சுவது ஏதுமில்லை.

நடைமுறை

சுண்ணக்கட்டியும் கட்டமிட்ட தாளும் போதும். சிறுவர்க்குப் புளியங்கொட்டையே புள்ளியாகும். குழுக்களில் பெண்பிள்ளைகள் வரைய, ஆண்பிள்ளைகள் எண்ணி விடை கூறும் நிலை எளிதில் ஏற்பட்டுவிடும். அவ்வாறாயின் கணிதம் யாருடையது என்பது குறித்த பழைய எண்ணத்தையே வகுப்பறை மீண்டும் கற்பித்ததாகும். ஆகவே இரு பணிகளும் சுழற்சியில் அமைதல் வேண்டும். கோலமிடும் வழக்கமற்ற குடும்பங்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பர். புள்ளியும் கோடும் என்ற அளவில் இதனை அறிமுகம் செய்தால் எவரும் புறத்தே நிற்க நேராது.

பொங்கல் விடுமுறைக்கான வீட்டுப்பணியாக ஒரே வினாவைக் கொடுத்தனுப்பலாம்: 4க்கு 6 கோலத்தில் இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் ஓரிடத்தில் மட்டும், வெட்டாமல் வளைந்து விலகுமாறு மாற்றினால் கோலம் என்னவாகும்? இரண்டும் இணைந்து ஒரே கோடாகிவிடும் என்பதை மாணவர் தம் வாசலிலேயே கண்டறிந்து வருவர்.