விலாசமில்லாச் செய்தி

தபாலாபீசில் கடிதங்களைப் பிரிப்பவர் உறையின் மேலுள்ள விலாசத்தை மட்டுமே நோக்குவார். உள்ளே எழுதியிருப்பது அவருக்கு வேண்டாத விஷயம். கணிப்பொறி வலையமைப்புகளும் பெரும்பாலும் இவ்வாறே இயங்குகின்றன. ஆயின், எவருக்குச் செல்லவேண்டும் என்பதை அனுப்புவோரே முன்கூட்டி அறியாத செய்திகளும் உண்டு.

2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கருகே நிலம் நடுங்கியது. பேரலைகள் தமிழ்நாட்டுக் கரையை எட்ட ஏறத்தாழ 2 மணி நேரம் பிடித்தது. அந்நேரம் முழுதும் வீணாயிற்று. இந்துமகா சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. 2007 அக்டோபரில் ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையத்தில் அத்தகைய நிலையம் தொடங்கப்பெற்றது.

அங்கு விலாசத்தை நிர்ணயிப்பது செய்தியின் பொருளே. நடுக்கத்தின் இடம், அளவு, ஆழம் ஆகியன கிட்டியதும், முன்னரே கணித்து வைத்த மாதிரிகளுள் பொருத்தமானது எடுக்கப்படுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு கரைப்பகுதியிலும் அலையின் உயரமும் அது வந்துசேரும் நேரமும் தெரியவருகின்றன. 60 நிமிஷத்துக்குள் பேரலை எட்டக்கூடிய கரைக்கு நடுக்கத் தகவலைக் கொண்டே எச்சரிக்கை செல்லும். அதற்கு அப்பாலுள்ள கரைக்கு முதலில் உஷார் அறிவிப்பு மட்டுமே. கடல்மட்டக் கருவிகள் அலையை உறுதிசெய்த பின்னரே அது எச்சரிக்கையாக உயர்த்தப்படும். 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவுள்ள நடுக்கம் நேர்ந்தபொழுது, எச்சரிக்கை நிக்கோபாரின் 3 மண்டலங்களுக்கே சென்றது. பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் நழுவியமையால் பெரிய அளவில் பேரலை எழவுமில்லை. வீண் பீதியும் ஒருவகை விபத்தே அன்றோ?

இக்கொள்கையை வலையமைப்பின் ஸ்விட்சுகளுக்குள்ளேயே புகுத்துவது பற்றி ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. பழைய முறையில் ஒவ்வொரு ஸ்விட்சும் வழியைத் தானே தீர்மானிக்கும். மென்பொருளால் ஆளப்படும் வலையமைப்பிலோ அப்பொறுப்பு மையக் கட்டுப்பாட்டு நிரலைச் சாரும். ‘நாகப்பட்டினம், எச்சரிக்கை’ என்னும் குறிப்புள்ள செய்திகள் தனக்கு வேண்டுமென ஒரு கலெக்டர் அலுவலகம் பதிந்துகொள்வதாகக் கொள்வோம். நிரல் அதனை விதியாக்கி, வழியிலுள்ள ஸ்விட்சுகளில் எழுதிவிடும். பின்னர் செய்தி எவர் பெயருமின்றிப் புறப்பட்டு, வேண்டுவோரை அடையும். பாதை பிரியுமிடத்தில் மட்டுமே அதற்குப் பிரதி எடுக்கப்படும். 2008இல் அறிமுகமான ஓப்பன்ஃப்ளோ முறையில் ஸ்விட்சு சில குறிப்பிட்ட தலைப்புப் புலங்களையே நோக்கியது. எதை நோக்குவது என்பதையே நிரலாக எழுத இடமளித்தது, 2014இல் முன்மொழியப்பெற்ற பி4 மொழி.

இடர்கள் இல்லாமலில்லை. விதிகளைத் தாங்கும் விரைவு நினைவகம் சிறிது, விலையோ அதிகம். செய்தி ரகசியக் குறியீட்டால் பூட்டப்பட்டிருப்பின் அதன் பொருளை ஸ்விட்சு அறிய இயலாது. பொருட்குறிப்பை மட்டும் பூட்டாது உறையின்மேல் வைப்பது ஒரு வழி. அவ்வாறு வைத்தால், அக்குறிப்பைப் பொய்யாக எழுதி அனுப்புவோரைத் தடுக்கக் கையொப்பச் சோதனையும் உடன் வேண்டியதாகிறது.