பெயர் இருந்த நாய்

பாடாங் மேஹாவின் பழைய லயத்திலிருந்து கொண்டுவந்த முதல் வாரம், எப்படிக் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்கவில்லை. காடி நிறுத்தும் இடத்தின் மூலையில் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தது. சோற்றை வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் எழுந்து தின்னும். ஒரு மாலை அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, தோட்டத்தில் நாய்களுக்கு வைக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். ஜிம்மி, டைகர், ராணி, ஜூலி. அசைவே இல்லை. 'மணி' என்றதும் இரண்டு காதும் எழுந்தன. வால் தரையில் ஒருமுறை தட்டி நின்றது.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை நாங்கள் அதைத் தெருநாய் என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் யாரோ ஒருவர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார், அந்தப் பெயரைச் சொல்லிச் சோறு போட்டிருக்கிறார், பிறகு ஒருநாள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'அது' போய் 'அவள்' ஆனாள் மணி.

நாங்கள் முன்பு வாழ்ந்த ரப்பர் தோட்டத்தில் நாய் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. இருட்டோடு பெரட்டுக்குக் கிளம்பும் அம்மாவுக்கு முன்னால் அது ஓடும். நிரையில் பாம்பு கிடந்தால் முதலில் நின்று குரைப்பது அதுதான். பால் வெட்டி முடியும்வரை மரத்தடியில் படுத்திருந்து, பால் வாளியோடு கொட்டகைக்கு நடந்து வரும். பகலில் ஆயாக்கொட்டகை வாசலில் பிள்ளைகளோடு கிடக்கும். சம்பளத்தன்று கருவாட்டுத் தலை அதற்கு. மருத்துவரைப் பார்த்ததில்லை, ஊசி போட்டதில்லை. ஆனால் அதற்கு ஒரு வாசல் இருந்தது.

அந்த வாசல்தான் போயிற்று. கெடாவின் தோட்டங்களில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. வந்த வேலைக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தார்கள். 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்த பின் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். குடும்பங்கள் பாடாங் செராய், லுனாஸ், சுங்கை பட்டாணி என்று தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரிந்து போயின. பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் மட்டும் 'தோட்டம்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாய்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இருக்கவில்லை.

எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். லோரியில் கட்டிலும் பீரோவும் சாமிப்படங்களும் ஏறின. எங்கள் நாய் டைகர் செம்மண் சாலை நெடுக லோரியின் பின்னால் ஓடி வந்தது. பெரிய சாலை வந்ததும் லோரி வேகமெடுத்தது. திரும்பிப் பார்க்காதே என்றார் அப்பா; நான் பார்த்தேன். நாளைக்குப் போய்க் கூட்டி வரலாம் என்று சொல்லியே வருடங்கள் போயின. மணியைக் கொண்டுவந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் பழைய கடனை நினைத்துக்கொண்டு ஒரு நாயை எடுக்கிறவர்கள், முதல் மாதத்துக்கு மனதைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். மணியின் காதுக்குள் உண்ணிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. ஈறு வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றார் மருத்துவர். டாக்சிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம். அதைத் தொடைக்கறிக்குள் ஒளித்து வைத்தால் கறியை மட்டும் தின்று மாத்திரையைத் தரையில் துப்பிவிடுவாள். விலாவில் முடி உதிர்ந்த சொறி வேறு. கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கும் பரிசோதனை செய்தார்கள்; நல்லவேளை, அது இல்லை. இருந்திருந்தால் வைத்தியம் பல மாதம் இழுக்கும், பணமும் பலமடங்கு ஆகும். மீட்டெடுத்த நாய் இலவசமாக வருகிறது என்று எண்ணுகிறவர்கள் முதல் கிளினிக் பில்லிலேயே நாயைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை விடப்பட்ட நாய், அடுத்த மனிதரிடம் வர இன்னும் அதிகம் பயப்படும்.

மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பழக மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். மணிக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே சிறுநீர் கழித்துவிடுவாள். அப்பா இடுப்பு வாரைக் கழற்றும் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஓடுவாள். லோரிச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து கேட்டுக்கு ஓடி, அது கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். ஏழு மாதம் அப்படி நின்றாள்.

எட்டாம் மாதம் ஒரு மழை நாளில் லோரி போயிற்று, அவள் எழவில்லை. அம்மாவின் காலில் தாடையை வைத்துப் படுத்திருந்தவள், கண்ணை மட்டும் திறந்து மூடிக்கொண்டாள். நாய் வளர்ப்பதில் என்ன சந்தோஷம் என்று கேட்பவர்களுக்கு நான் அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன். மூட்டுவலியால் வீட்டுக்குள்ளேயே இருந்த அம்மா, மணிக்காகத் தினமும் மாலையில் தாமான் விளையாட்டுத் திடல்வரை நடக்கிறார். தோட்டத்தில் விட்டுப்போன பேச்சையெல்லாம் வழிநெடுக அவளிடம் பேசுகிறார்.

அக்கம்பக்கம் ஒரு பெரிய விஷயம். எங்கள் வலப்பக்கம் மலாய்க் குடும்பம். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் சமயக் கடமை. அதை அறிந்து நடப்பது நம் பொறுப்பு. வேலிக்கு அடியில் கம்பிவலை அடித்தோம், நடைக்குப் போகும்போது கயிற்றை விடுவதில்லை, கழிவை அள்ளிப் பையில் போட்டு வருகிறோம். ஓராண்டு கழித்து அந்த வீட்டுப் பாக்சிக், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே 'மணி சிஹாட்?' என்று நலம் விசாரித்தார். நாய் வளர்ப்பவரின் ஒழுங்கீனம்தான் பெரும்பாலும் சண்டையைக் கொண்டுவருகிறது. ஊராட்சி மன்ற உரிமமும் அதே ஒழுங்கைச் சேர்ந்தது. ஒரு வீட்டில் எத்தனை நாய் என்பதை ஒவ்வொரு மன்றமும் வரையறுத்திருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு எடுங்கள்.

தடுப்பூசி விஷயத்தில் கெடாக்காரர்களுக்கு மறக்கக்கூடாத பாடம் ஒன்று உண்டு. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவானது. விலங்குநல அமைப்புகள் எதிர்த்தன. பயம் எங்களுக்கும் இருந்தது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இருக்கத்தான் செய்யும். ஆனால் நாய்களைக் கொல்வதால் இந்த நோய் அடங்குவதில்லை, நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் அடங்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது. 2017-இல் சரவாக்கில் பரவியபோது மனித உயிர்கள் போயின. நாய் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசிக் காத்திருக்கக் கூடாது.

கொல்வதற்குப் பதில் என்ன என்பதற்குச் சென்னை வெகுகாலம் முன்பே விடை தேடியது. 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1964-இலேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணியை ஆரம்பித்துவிட்டது. நம் நாட்டில் இன்னும் நாயைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோய் விடுவதையே தீர்வு என்கிறோம். 2009-இல் கேத்தாம் தீவின் நூற்றுக்கணக்கான நாய்களை ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் விட்டார்கள். அங்கே பசியில் ஒன்றை ஒன்று தின்றன. 2024 அக்டோபரில் திரங்கானுவின் பெசூட்டில் 'கோப்பி' என்ற தெருநாய் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. அதற்கும் ஒரு பெயர் இருந்தது, அதனால்தான் கொதித்தோம். விலங்குகளைக் கொடுமை செய்தால் 20,000 முதல் 100,000 வெள்ளிவரை அபராதம் அல்லது மூன்றாண்டுவரை சிறை அல்லது இரண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் சொல்கிறது. சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் செம்பனைக் காட்டின் ஓரத்தில், வாய் கட்டிய சாக்கில் இன்றும் குட்டிகள் கிடக்கின்றன.

அப்படிக் கிடந்த ஒரு கறுப்புக் குட்டியைப் போன வருடம் எடுத்தேன். ஆறு வாரம் இருக்கும், உள்ளங்கை இரண்டில் அடங்கியது. முதல் நாள் பால் குடித்தது, இரண்டாம் நாள் விளையாடியது. மூன்றாம் நாள் வாந்தி, பிறகு இரத்தம் கலந்த கழிச்சல். பார்வோ. தண்ணீர் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் விடியற்காலை, நான் கிளினிக்குக்குப் போய்ச் சேருமுன் போய்விட்டது. அதற்குப் பெயர் வைக்கவும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். எனவே குளோராக்ஸ் கரைத்துத் தரை முழுவதும் கழுவினேன். தடுப்பூசி போடாத வேறு குட்டியை ஓராண்டு வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றார் மருத்துவர். அந்த ஓராண்டில் மூன்று முறை சாக்குகளைப் பற்றித் தகவல் வந்தது. மூன்று முறையும் வேறொருவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, தூங்காமல் கிடந்தேன்.

காப்பாற்றிய நாயும் ஒருநாள் போகும். மணிக்கு இப்போது பன்னிரண்டு வயது இருக்கலாம் என்கிறார் மருத்துவர். கண்ணில் நீலம் படர்ந்துவிட்டது, படியேறத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. அவள் வாழ்வின் முதல் பாதி யாரிடம் கழிந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. எங்கள் லோரியும் நிற்காமல் வந்ததுதானே.

பழைய லயத்துப் பக்கம் இன்றும் போய்ச் சோறு வைக்கிறோம். முனியாண்டி கோயில் மரத்தடியில் ஒரு பெண் நாய் நான்கு குட்டி போட்டிருந்தது. ஒரு நாய் ஏறக்குறைய 63 நாளில் ஈன்றுவிடும், ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடும். ஆகவே தாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, அதே மரத்தடியில் விட்டுவிட்டோம். குட்டிகளில் மூன்றுக்கு வீடு கிடைத்தது. ஒன்று பாக்கி. செவலை நிறம், பெண், நான்கு மாதம், மூன்று தடுப்பூசியும் முடிந்துவிட்டது, சோறும் முட்டையும் தின்னும். எங்கள் வீட்டிலும் ஓராண்டு கெடு முடிந்துவிட்டது, அதனால் இப்போதைக்கு மணியோடு இருக்கிறது. வேலி உள்ள வீடும், இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் இதே வீட்டில் இருப்போம் அல்லது போகும் வீட்டுக்குக் கூட்டிப் போவோம் என்ற உறுதியும் உள்ளவர்கள் குடும்பத்தோடு வந்து பாருங்கள். பெயர் இன்னும் வைக்கவில்லை. அதை நீங்களே வைக்க வேண்டும்.