முன்கையில் ஒரு சோதனை

டீ ஆறுவதற்குள் ஒன்று செய்து பாருங்கள். கையைத் தொங்கவிட்டுச் சிறிது நேரம் முஷ்டியை இறுக்கினால் முன்கையில் பச்சையாக ஒரு குழாய் புடைக்கும். அதுதான் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது. மணிக்கட்டுப் பக்கம் அதை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கையை நோக்கி வழித்துவிடுங்கள். வழித்த விரலை எடுத்தாலும் அந்தத் துண்டு தட்டையாகவே கிடக்கும். மேலே போன ரத்தம் கீழே திரும்பாது. அழுத்திய விரலை எடுங்கள். கீழிருந்து சட்டென்று நிரம்பிவிடும்.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் படம் போட்டுக் காட்டிய சோதனை இது. சாப்பாட்டிலிருந்து கல்லீரலில் ரத்தம் ஊறுகிறது, உறுப்புகள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன என்பது கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னது. சுமார் 1,400 ஆண்டுகள் மருத்துவர்கள் அதையே நம்பினார்கள். ஹார்வி கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு எவ்வளவு குறைத்து வைத்தாலும், அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம் உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தையும் மிஞ்சியது. அவ்வளவு ரத்தத்தை எந்தச் சாப்பாடும் ஊற வைக்காது. அப்படியானால் இருக்கிற ரத்தமேதான் சுற்றி வரவேண்டும். இன்றைய அளவில், துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். பெரியவர்கள் உடம்பில் இருப்பதும் அவ்வளவுதான்.

சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகளை ஹார்வியின் ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் முன்பே விவரித்திருந்தார். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுகள் போன்ற அவை எல்லாம் இதயத்தை நோக்கியே திறக்கின்றன என்பதன் பொருளைக் கண்டவர் ஹார்வி. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படிக் கடக்கிறது என்பது மட்டும் மிச்சமிருந்தது. ஹார்வி இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலியின் மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டையும் இணைக்கும் தந்துகிகளைக் கண்டார்.

இந்த வால்வுகளுக்குக் காலில்தான் கடும் வேலை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலேற்றும். அசையாமல் நின்றால் ரத்தம் அங்கேயே தேங்கும். வால்வு தளர்ந்து ரத்தம் கீழே கசிந்தால் சிரை முறுக்கிப் புடைக்கும். அதைத்தான் வெரிகோஸ் என்கிறோம். நாளெல்லாம் நின்றே துணி விரித்துக் காட்டும் கடைப் பணியாளர்கள் பலருக்கு இந்த அவதி உண்டு.

கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அது சலுகை அல்ல, உடம்பு கேட்கும் நியாயம். அடுத்த முறை ஜவுளிக்கடைக்குப் போகும்போது, அங்கிருப்பவர் உட்கார்ந்தபடியே பதில் சொன்னால் மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள்.