அழுக்குக்கு அடியில் ஓர் எண்

தாத்தாவின் லேண்ட் ரோவரை அப்பா பெயருக்கு மாற்றுவதென்று வீட்டில் முடிவானது. பாரம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால், பெயர் மாற்றத்திற்கு முன் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். பதிவு அட்டையில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்துப்போக வேண்டும். எங்கள் வண்டியிலோ அந்த இரண்டு எண்களையும் பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண்ணும் மூடியிருந்தன.

"பாலிடெக்னிக்கில இயந்திரவியல் படிக்கிற பேரன் இருக்கான். அவன் கழுவட்டும்" என்று தாத்தா சொல்லிவிட்டார். தவணை விடுமுறையில் மூன்று நாள்கள் அதற்கே போயின.

கேமரன் மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கதவு நசுங்கிய பழைய லேண்ட் ரோவர்கள் முட்டைக்கோஸ் மூட்டைகளைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கும். தேயிலைத் தோட்டத்து மண் சாலைகளுக்கு அவைதான் தோது. இந்த வண்டி முதன்முதலில் 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் மேல்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடிச்சட்டத்தை மட்டும் எஃகில் செய்தார்கள். மேல்தகட்டில் செந்துரு பிடிக்காது. அடிச்சட்டத்தில் பிடிக்கும். ஆகவே, வெளித்தோற்றத்தை வைத்து இந்த வண்டியின் நலத்தை எடைபோடவே முடியாது.

முதல் பாடம் கைபிரேக்

வண்டியை ஜாக் வைத்துத் தூக்கப் போனபோது தாத்தா தடுத்தார். பழைய லேண்ட் ரோவரின் கைபிரேக் சக்கரங்களை நேரடியாகப் பிடிப்பதில்லை. கியர்பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பினாலே போதும், வண்டி உருண்டுவிடும். எனவே, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். ஜாக்கை மட்டும் நம்பாமல் சட்டத்தின் கீழ் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினோம். அதன் பிறகுதான் நான் அடியில் படுத்தேன்.

தண்ணீரைத் தொடுவதற்கு முன் கரண்டியால் சுரண்ட வேண்டும். கீழே தார்ப்பாய் விரித்துச் சுரண்டினேன். மேலே காய்ந்த செம்மண், அதற்குக் கீழே கறுத்த பசை, அதற்கும் கீழே தார் போல் இறுகிய ஒரு படலம். மிஞ்சியதற்கு டிகிரீசர் தெளித்து, ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்தேன். பெட்ரோலைக் கொண்டு கழுவும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதன் ஆவி சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இரண்டாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நண்பன் வீட்டு நீர்பாய்ச்சி இயந்திரத்தை வாங்கி வந்து என்ஜின் மேல் நேராகப் பீய்ச்சினேன். பேட்டரி இணைப்பைக் கழற்றவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிளாஸ்டிக் பையால் மூடவும் இல்லை. மாலையில் சாவியைத் திருப்பினால் என்ஜின் சுழன்றதே தவிர பிடிக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால் மின்சாரம் ஸ்பார்க் பிளக்கிற்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். வகுப்பில் படித்து மதிப்பெண் வாங்கிய பாடம்தான் அது. மூடியைக் கழற்றித் துடைத்து, அம்மாவின் தலைமுடி உலர்த்தும் கருவியால் காயவைத்த பிறகே வண்டி உயிர் பெற்றது. அம்மா இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

அழுக்கு மறைத்தது, அழுக்கு காத்தது

சுத்தமான என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பு எல்லா இடமும் கறுப்பாக இருந்ததால் எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்று யாருக்கும் தெரியாது. "என்ஜின் தேஞ்சு போச்சு" என்று சொல்லியே தாத்தா அடிக்கடி எண்ணெய் ஊற்றி வந்தார். இப்போது ஒரே ஒரு புதுக்கோடு தெரிந்தது. என்ஜினின் மேல்மூடிக்குக் கீழே உள்ள கேஸ்கெட் இறுகிப்போய், அந்த வழியாகத்தான் எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. அது அதிகச் செலவில்லாமல் மாற்றக்கூடிய பொருள்.

அடிச்சட்டம் வேறொரு கதை சொன்னது. எண்ணெய் ஒழுகிய கியர்பெட்டிப் பகுதியில் எஃகு உறுதியாக இருந்தது. எண்ணெய்ப் படலம் ஈரத்தை அண்டவிடவில்லை. ஆனால், வண்டியின் பின்கோடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் வெறும் மண் அப்பிக் கிடந்தது. மண் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழையும் பனிமூட்டமும் உள்ள எங்கள் ஊரில் அது காயவே காயாது. திருப்புளியால் தட்டிப் பார்த்தேன். திருப்புளி உள்ளே போய்விட்டது.

சற்று நேரம் அப்படியே படுத்திருந்தேன். அந்தச் சட்டத்துக்கு மேலே உள்ள பின்பெட்டியில்தான் நானும் லயத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்து பள்ளிக்குப் போனோம்.

சுரண்டிய கழிவை வாய்க்காலில் தள்ளிவிடலாம் என்று அண்டை வீட்டு அண்ணன் சொன்னார். எங்கள் வாய்க்கால் பெர்த்தாம் ஆற்றில் சேர்கிறது. ஆறு ரிங்லெட் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி ஏற்கெனவே மண் படிந்து திணறுகிறது. பயன்படுத்திய என்ஜின் எண்ணெய், 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீடு கொண்ட அட்டவணைக் கழிவு. அத்தகைய கழிவு தோய்ந்த துணிக்கும் எஸ்.டபிள்யூ. 410 என்று தனிக் குறியீடு உண்டு. எல்லாவற்றையும் டின்னில் அடைத்து, உரிமம் பெற்றவர்களிடம் கழிவைக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் சேர்த்தோம்.

மூன்றாம் நாள் மாலை, முன் வலது ஸ்பிரிங் தாங்கியில் சேசிஸ் எண் தெரிந்தது. எண் இருக்கும் இடத்தில் கிரைண்டர் வைக்கக் கூடாது. எழுத்து தேய்ந்தால் வண்டி மீதே சந்தேகம் வரும். மென்மையான பிரஷ்ஷால்தான் துடைத்தேன். தாத்தா பதிவு அட்டையைக் கண்ணருகே பிடித்து ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். நான் கீழே படுத்தபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் பொருந்தின.

"அப்ப நாளைக்கே பரிசோதனைக்குக் கொண்டு போகலாமா?" என்றார் தாத்தா.

திருப்புளி நுழைந்த ஓட்டையைக் காட்டினேன். விரலை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"முதல்ல வெல்டிங் பட்டறைக்கு ஆள் சொல்லி அனுப்பு தம்பி. அதுவரைக்கும் யாரையும் ஏத்த வேண்டாம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் தாத்தாவோ மாமாவோ ஓட்டும் ஒரு பழைய வண்டி இருக்கலாம். இந்த விடுமுறையில் அதன் மேல்தகட்டுக்கு மெருகு பூசுவதற்கு முன், ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் பாருங்கள்.