சாய்வெழுத்தின் இயல்பும் பயனும்

அச்செழுத்துக்களுள் ஒருவகையை ஆங்கிலேயர் 'இத்தாலிக்' என்பர். பெயரே அதன் பிறந்தகத்தைக் கூறும். இத்தாலிய அறிஞர் ஏடுகளை விரைந்து படியெடுத்த கையெழுத்தே அதற்கு முன்மாதிரி. வெனிஸ் நகரத்து அச்சகத்தார் அல்டஸ் மனூசியஸ் என்பாருக்காகப் பிரான்செஸ்கோ கிரிப்போ அதனை வெட்டியமைத்தார். 1501 இல் வேர்ஜிலின் கவிதைநூல் முழுவதும் அவ்வெழுத்தில், கையடக்க அளவில் வெளிவந்தது.

ஒடுங்கிய உருவம், மெல்லிய சாய்வு, தொடக்கத்தும் முடிவினும் சிறு கொக்கி ஆகியவற்றில் எழுதுகோலின் ஓட்டம் புலனாகும். நேரெழுத்து நிற்பது போலத் தோன்றும். இதுவோ நடப்பது போலத் தோன்றும்.

நூல் முழுவதையும் தாங்கிய இவ்வெழுத்து, பிற்காலத்தில் நேரெழுத்தினிடையே நூற்பெயரையும் பிறமொழிச் சொல்லையும் அழுத்திக் கூறவேண்டியதையும் சுட்டும் துணையெழுத்தாயிற்று. பக்கமெங்கும் பரப்பின் அப்பயன் கெடும். வகுப்பில் இடையறாது உரத்துப் பேசும் ஆசிரியருக்கு மாணவர் செவிசாய்ப்பதில்லை அன்றோ?